விழவில்லை, இறங்கினேன்

நான் அவரை முதலில் பார்த்தபோது லோங்கானுக்குள் நின்றுகொண்டிருந்தார். கிள்ளானிலிருந்து மேரு போகும் சாலையில் ஓரத்துச் சாக்கடை அது. முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். தலையில் கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் தொப்பி. தோள்மேல் பெரிய பழைய சைக்கிள். சைக்கிளை அவர் தூக்கிக்கொண்டு நிற்கிறாரா, சைக்கிள் அவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

லோரியை ஓரம் கட்டினேன்.

"விழுந்துட்டீங்களாண்ணே?"

"இல்ல. இறங்கினேன்."

"லோங்கான்லயா?"

"தண்ணி ஓடுதா நிக்குதான்னு பாத்தேன். நிக்குது."

கை கொடுத்தேன். ஏறி வந்தார். சைக்கிளை லோரியில் போட்டேன். வீடு எங்கே என்று கேட்டேன். சொன்னார். என் வீட்டுக்குப் பின்வரிசை. வீட்டு வாசலில், "உன் பிரேக் சத்தம் போடுது, பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். சீட்டைக் கழுவ எனக்கு அரை நாள் ஆனது.

மேருவில் ஒரு கையுறை ஆலையில் வேலை செய்தவர். வேலைக்குச் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வந்தவர். வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வேலை நின்றது. போவது நிற்கவில்லை. காலையில் ஆலை வாசல் வரை மிதிப்பார். காவலுக்கு நிற்கும் நேப்பாளிக்குக் கை காட்டுவார். எதிரே மாமாக் கடையில் சீனியும் பாலும் போடாத தேநீர், தே ஓ ஒன்று குடிப்பார். திரும்பி வருவார்.

"எதுக்குண்ணே தினமும் போறீங்க?"

"ரோடு அங்கதானே போவுது."

பிறகு எனக்கு முதுகு போனது. லோரியை மகன் எடுத்துக்கொண்டான். டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். நானும் ஒரு சைக்கிள் வாங்கி அவர்கூடப் போக ஆரம்பித்தேன். பழக்கம் அப்படி.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருந்தது. ரத்தக் கொதிப்பு இருந்தது. முன்கூடையில் மாத்திரை டப்பா குலுங்கிக்கொண்டே வரும். இடது முட்டி மடங்கும்போதெல்லாம் கடக் என்று ஒரு சத்தம்.

"முட்டியாண்ணே?"

"செயின்."

செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். சத்தம் நிற்கவில்லை.

"அப்ப பெடலா இருக்கும்" என்றார்.

ஆற்றுப் பாலம் ஏறும்போது நான் இறங்கித் தள்ளுவேன். அவர் இறங்க மாட்டார். எழுந்து நின்று மிதிப்பார். சைக்கிள் நகர்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். பின்னால் மோட்டார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். நடந்துபோகிற ஆள்கூட அவரைத் தாண்டிப் போவார். உச்சிக்குப் போய் எனக்காகக் காத்திருப்பார். பேச மூச்சு இருக்காது. முகத்தில் மட்டும் ஒரு திருப்தி. இறங்க வேண்டிய இடத்தில் அந்த மனிதர் இறங்கியதே இல்லை.

மற்ற இடங்களிலெல்லாம் இறங்கினார்.

பாசாரில் ஒருநாள் சீனத்தி ஒருத்தியின் காய்கறிக் கடைக்குள் இறங்கினார். கத்தரிக்காய்க் கூடைமேல். அவள் எழுந்து வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். விழுந்துவிட்டாரா என்று பாவமாகக் கேட்டாள்.

"அங்கிள், ஜாத்து கா?"

"தாக் ஜாத்து. துருன்" என்றார். விழவில்லை, இறங்கினேன். மலாயிலும் அதே பேச்சுத்தான்.

"துருன் புவாட் அப்பா?" இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்றாள்.

"பெலி தெரோங்."

கத்தரிக்காய் வாங்க இறங்கினாராம். வாங்க வேண்டியதாகிவிட்டது. நசுங்கினது எல்லாவற்றையும் இரண்டு பை நிறைய வாங்கினார். அவர் மனைவி, எனக்கு அண்ணி, பை இரண்டையும் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் கத்தரிக்காய். எனக்கும் வந்தது.

கண்ணில் புரை வந்தது. அறுவை செய்தார்கள். நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கட்டுப் பிரித்த பிறகு முதல்நாள் சைக்கிள் எடுத்தோம். பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

"தம்பி, இந்த ரோட்டுல இவ்வளவு குழியா?"

"எப்பவும் உள்ளதுதாண்ணே."

"நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்தேன். கண்ணைத் திறந்துவிட்டுக் கெடுத்துட்டானுங்க."

கொஞ்ச நாள் குழிக்குக் குழி சுற்றிப் போனார். சுற்றிப் போய் ஒரு கம்பத்தின்மேல் இறங்கினார். அதற்குப் பிறகு பழையபடி குழிக்குள்ளேயே ஓட்டினார்.

ஒருநாள் நெஞ்சு வலி வந்தது. அன்றைக்கும் சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பூட்டுச் சாவியை அண்ணி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் உள்ளே படுத்திருந்தபோது அண்ணி முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கே சொன்னார். நானும் இருந்தேன்.

"இனிமே நீங்க விழுந்தா, அந்தச் சைக்கிள் கோயிலுக்கு. முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவருக்குத்தான் மயில் இருக்கே. சைக்கிள் எதுக்கு?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு."

"என் சைக்கிளு."

"என் சாமி."

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டார். மறுபடி சைக்கிள் எடுத்த முதல்நாள் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

"தம்பி, இனிமே நீ முன்னால போ."

"ஏண்ணே?"

"முன்னால போ. பின்னால திரும்பாத."

புரிந்தது. அன்றிலிருந்து நான் முன்னால் போவேன். பின்னால் ஏதாவது சத்தம் கேட்கும். டமார் என்று கேட்கும். சில சமயம் யாராவது மலாய்க்காரர் "அல்லா" என்று கத்துவது கேட்கும். நான் சைக்கிளை நிறுத்தி, எதிரே இருக்கும் செம்பனை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து சேருவார். முழங்கையில் மண் இருக்கும்.

"போலாம்."

"போலாம்ணே."

வீட்டு வாசலில் அண்ணி நிற்பார். வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்கிறவர். கையில் மாவு ஒட்டியிருக்கும். கேள்வி என்னிடம்தான் வரும்.

"தம்பி, விழுந்தாரா?"

"நான் முன்னால வந்தேன் அண்ணி. பாக்கல."

அது பொய் இல்லை.

இடது கை வீங்கி வந்தபோதும் அதே பதில்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். தமிழ்ப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் விரிசல் என்றாள். அண்ணி பக்கத்து நாற்காலியில் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி விழுந்தீங்க அங்கிள்?"

"விழலைம்மா. சைக்கிள்லேர்ந்து இறங்கினேன்."

"இறங்கினா எலும்பு விரிசல் விடாது அங்கிள்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வேகமா இறங்கிட்டேன்."

டாக்டர் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை. கட்டுப் போட்டு முடியும் வரை அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல் கூரையைப் பார்த்தார். முருகனிடம் ஏதோ பேச்சு நடக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் காலை வந்தது. எனக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. அவர் தனியாகப் போனார். வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே திரும்பினார். சைக்கிளில் ஏறி வரவில்லை. உருட்டிக்கொண்டு வந்தார். சட்டையில் ஒரு மண் கிடையாது. முதுகில் மட்டும் புல். நான் வாசலில் உட்கார்ந்து கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனார். எனக்கு என்னமோ போலிருந்தது. பின்னாலேயே போனேன்.

அண்ணி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்.

"விழுந்துட்டேன்" என்றார் அவர்.

அண்ணி கையிலிருந்த அச்சு எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. அடுப்பை அணைத்தார். "தம்பி, காடி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தீர்கள், ஒன்றும் இல்லை. அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது. காய்ச்சலோடு காடி ஓட்டினேன்.

நெஞ்சுத் துடிப்பு நின்று நின்று வருகிறதாம். கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார்கள். தோளுக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்ன மெஷின் வைத்தார்கள். பேட்டரியில் ஓடுவது.

பார்க்கப் போனேன். படுக்கையில் சாய்ந்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஆலை தாண்டி வந்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு பாத்தா வானம் தெரியுது. புல்லுல மல்லாந்து கிடக்கறேன். பக்கத்துல ஒரு உடும்பு. நல்லா பெருசு. நாக்கை நீட்டி நீட்டி என்னையே பாக்குது."

"வேற யாரும் பாக்கலியா?"

"யாரும் இல்ல."

"அப்பறம் ஏண்ணே அண்ணிகிட்ட சொன்னீங்க? இறங்கினேன்னு சொல்லியிருக்கலாமே."

"உன் அண்ணிகிட்ட சொல்லாம இருக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லாம இருக்கலாம். பாத்தவருக்குத் தெரியுமில்ல."

"உடும்புக்கா?"

"முருகனுக்குடா."

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப லோங்கானு, கத்தரிக்கா, வேண்டுதலுக்கு அப்பறம் அந்தக் கை விரிசல்? அதெல்லாம் முருகன் பாக்கலியா?"

"அதெல்லாம் இறங்கினதுப்பா. கை பிரேக்ல இருந்துச்சு. எங்க போறேன்னு தெரிஞ்சுது. லோங்கானுக்குள்ள போறேன்னு தெரிஞ்சுதான் போனேன். இது அப்படி இல்ல. என் கை எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விழறதுன்னா அதான் தம்பி."

வீட்டுக்கு அனுப்பும்போது அதே சின்ன டாக்டர் வந்தாள். கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள், பிறகு மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம், உடம்புக்கு நல்லதுதான் என்றாள். "ஒண்ணு மட்டும் அங்கிள். மேடு வந்தா இறங்கித் தள்ளணும். சரியா?"

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் விட்டுவிட்டாள். முருகன் விடவில்லை.

சைக்கிளைக் கோயிலுக்கு நான்தான் உருட்டிக்கொண்டு போனேன். அவர் கூட நடந்து வந்தார். அதற்குமுன் உட்கார்ந்து செயினைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். ஐயர் சைக்கிளுக்குத் திருநீறு பூசினார். மணிக்கு ஒரு பொட்டு வைத்தார். அண்ணன் மனதில் ஒரு நினைப்பு இருந்தது. கோயில் மூலையில் சைக்கிள் நிற்கும், வெள்ளிக்கிழமை வந்து காற்று பார்க்கலாம், எண்ணெய் போடலாம் என்று. கோயில் தலைவர் அதைக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இங்கயே நிக்கட்டுமே" என்றார் இவர்.

"திருவிழாவுல ஏலம் விடணும்ணே. கோழி, சேலை, பூசணிக்கா, காணிக்கையா வர்றது எல்லாம் ஏலம்தான். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்தான். சைக்கிளைப் பூசணிக்காயோடு சேர்த்து நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இருந்தார். முதல் வாரம் அண்ணிக்கு உயிர் போனது. முறுக்குக்கு எள் அதிகம் என்றார். நாடகம் பார்க்கும்போது யார் இந்தப் பெண், ஏன் அழுகிறாள், அழுதால் காசு திரும்புமா என்று கேட்டார். வாசலில் நின்று பின்வாங்கும் காடிக்கெல்லாம் கை காட்டினார். அடுத்த வீட்டுக்காரர் அவர் கையைப் பார்த்து ஓட்டிப் பூந்தொட்டியை உடைத்தார்.

பிறகு அதெல்லாம் நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் போய்ப் பேச்சுக் கொடுப்பேன்.

"மழை வரும் போலிருக்குண்ணே."

"ஆமா."

"நடந்துட்டு வரலாமா?"

"ஆமா" என்பார். எழுந்திருக்க மாட்டார்.

வம்புக்குக்கூட இழுத்துப் பார்த்தேன். "அந்த லோங்கான்ல நீங்க விழுந்தீங்கதானே?"

"ஆமா தம்பி" என்றார்.

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். என்னைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார்.

"கேட்டீங்களா தம்பி? எதுக்கும் ஆமாங்கறாரு. எள்ளு அதிகமான்னு கேட்டேன். ஆமா. கம்மியான்னு கேட்டேன். அதுக்கும் ஆமா. தட்டுல போட்டது தட்டுல இருக்கு."

"சரியாயிடுவாரு அண்ணி."

"அவரு விழறாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"பேன்ட்டைத் துவைக்கறது யாரு? நீங்களா? லோங்கான் சேறு எது, ரோட்டு மண்ணு எதுன்னு எனக்குத் தெரியாதா? இறங்கினேன்னு சொல்ற வரைக்கும் பயம் இல்ல தம்பி. அது அவரு வாயி. அந்த வாயி இருக்கற வரைக்கும் இருப்பாருன்னு இருந்தேன்." முந்தானையில் கையைத் துடைத்தார். "இப்ப முருகனுக்குக் குடுத்தாச்சு. திருப்பிக் கேக்கவும் முடியாது."

திருவிழாக் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்னதானம். சாப்பாட்டோடு சாப்பாடாக ஏலம். அண்ணி அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார். பந்தலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். முன்னால் இலை. நான் பக்கத்தில். அண்ணியைக் காணவில்லை.

தலைவர் மைக் பிடித்தார். சேவல் போனது. சேலை போனது. பூசணிக்காய் போனது.

"அடுத்து நம்ம சைக்கிள். நல்ல பழைய சைக்கிள். ஒரிஜினல் மணி. முருகன் பிரசாதம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

சுங்கை வேயிலிருந்து வந்த ஒருவன் கை தூக்கினான். தாடியை அழகாக வெட்டியிருந்தான். புதிதாகக் கோப்பிக் கடை திறக்கிறானாம். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது எங்களுக்கும் கேட்டது.

"சுவத்துல மாட்டிருவேன் அங்கிள். கூடைல பிளாஸ்டிக் பூ வச்சா சூப்பரா இருக்கும் லா. எல்லாம் நின்னு படம் எடுப்பாங்க."

இவர் பிசைவது நின்றது.

பின்னால் ஒரு பெண் குரல் விலையை ஏற்றியது. தாடிக்காரன் ஏற்றினான். குரல் மறுபடி ஏற்றியது. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணி. இடுப்பில் பிஸ்கட் டின். முறுக்குக் காசு போட்டு வைக்கும் டின்.

தலைவர் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார். ஊர் முழுக்கக் கேட்டது.

"அக்கா, நீங்க குடுத்ததை நீங்களே எடுக்கறீங்களா?"

"சாமிக்குக் குடுத்தேன். குடுத்தாச்சு. இப்ப சாமிகிட்டேர்ந்து காசு குடுத்து வாங்கறேன். பூசணிக்காயை வாங்கினவங்க வீட்டுக்குக் கொண்டு போகலியா?"

தலைவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் வடை தின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டினார். அது வடைக்கா, சைக்கிளுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

தாடிக்காரன் இன்னும் ஒருமுறை ஏற்றினான். அண்ணி அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உன் கடைச் சுவத்துக்குச் சைக்கிள் வேணுமா, இந்த மனுசனுக்குச் சைக்கிள் வேணுமா? நீயே சொல்லு."

எல்லோரும் இவர் முதுகைப் பார்த்தார்கள். தாடிக்காரனும் பார்த்தான். தூக்கிய கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டான்.

"எடுத்துக்குங்க ஆன்டி."

மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். இவர் திரும்பவே இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, யாருக்குப் போச்சு?"

"அண்ணிக்கு."

ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட்டார்.

"சாம்பார்ல உப்பு இல்ல" என்றார்.

சைக்கிள் கைப்பிடியில் மாலை போட்டிருந்தார்கள். மணிக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம். அண்ணி சைக்கிளை அவர் கையில் கொடுத்தார்.

"இது உங்க சைக்கிள் இல்ல. சாமி பொருள். கீழ போடக் கூடாது."

"நான் எப்ப கீழ போட்டேன்?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர் முகம் தெரிந்தது.

வீட்டுக்குப் புறப்பட்டோம். அவர் ஏறிக்கொண்டார். மெதுவாக மிதித்தார். அண்ணி காரியரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். "பின்னால உக்காரு" என்று இவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "நான் நடந்தே வர்றேன்" என்றார் அண்ணி. வழக்கம்போல நான் முன்னால் போகப் பார்த்தேன்.

"தம்பி, நீங்க பின்னால வாங்க" என்றார் அண்ணி.

பின்னால் நடந்தேன்.

பாலம் வந்தது. ஏற்றம் ஆரம்பிக்கும் இடம். அவர் எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தார். முட்டி கடக் என்றது. இன்னொரு மிதி. அப்புறம் பிரேக் பிடித்தார். ஒரு காலைத் தரையில் வைத்தார். இன்னொரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டார். மாலையைச் சரிசெய்தார். தள்ள ஆரம்பித்தார்.

அண்ணி பதறிக்கொண்டு அவர் கையைப் பிடித்தார்.

"என்ன, விழுந்துட்டீங்களா?"

"இல்ல. இறங்கினேன்."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆமா அண்ணி" என்றேன். "நான் பாத்தேன். இறங்கினாரு."